பக்கவாட்டு மோதல்

ஒரு வண்டி காரின் கதவுப் பக்கத்தில் வந்து இடிப்பது பக்கவாட்டு மோதல். நாற்சந்திகளில் அடிக்கடி நிகழ்வது. நேருக்கு நேர் மோதினால் முன்பகுதி நசுங்கி, அடியின் பெரும்பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். கதவுக்கும் இடுப்புக்கும் நடுவே அப்படி நசுங்க இடம் ஏது? ஒரு சாண் இருந்தால் பெரிது. கதவே உள்வாங்கி விலா எலும்பையும் இடுப்பெலும்பையும் முறிக்கிறது. இடப்பக்கம் மண்ணீரல், வலப்பக்கம் கல்லீரல் கிழியலாம். தலை கண்ணாடியிலோ தூணிலோ மோதுகிறது. நேர்மோதலில்தான் சாவு அதிகம் என்பார்கள். எண்ணிக்கைப்படி சரிதான், ஆனால் எண்ணிக்கை வேறு, ஒரே வேகத்தில் விழும் அடியின் கொடுமை வேறு. சீட் பெல்ட் போதாதா என்றும் கேட்கலாம். 1959இல் வால்வோவின் நில்ஸ் பொலின் வடிவமைத்த மும்முனைப் பட்டை முன்னே பாயும் உடலை நன்றாகவே பிடிக்கிறது, அடி விழும் பக்கம் சாயும் உடலை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அதே நிறுவனம் 1994இல் பக்கவாட்டுக் காற்றுப்பையைக் கொண்டுவந்தது இந்தக் குறையை ஈடுகட்டத்தான்.