இரத்த அழுத்த மாத்திரையின் பக்கவிளைவுகள்

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய பின், குஜிலியம்பாறை போன்ற வறண்ட வட்டாரங்களிலும் இரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வருகிறது. வந்த மாத்திரையைப் பலர் நிறுத்திவிடுவதற்குப் பக்கவிளைவு ஒரு முக்கியக் காரணம். பக்கவிளைவு மருந்தை மாற்றச் சொல்லும் அறிகுறியே தவிர, சிகிச்சையைக் கைவிடச் சொல்வதல்ல. எடுத்துக்காட்டாக, அம்லோடிபின் மாத்திரை நுண்தமனிகளை விரிப்பதால் நீர் கசிந்து கணுக்கால் வீங்கலாம். மருந்தின் அளவு கூடினாலும், வெயிலில் நெடுநேரம் நின்றாலும் வீக்கம் கூடும். சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்ற அச்சம் நியாயமானது, சிறுநீரக நோயிலும் கால் வீங்கும். ஆகவே பரிசோதனை அவசியம். மருந்துதான் காரணமென்றால் மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மருந்து தருவார். எனலாபிரில் மாத்திரை தரும் வறட்டு இருமலுக்கு இருமல் டானிக் வீண்; டெல்மிசார்டானுக்கு மாற்றினால் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும்.

உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, மாத்திரை எதற்கு என்று நிறுத்துவோரும் உண்டு. ஆனால் உயர் இரத்த அழுத்தம் அறிகுறியே காட்டாமல் பக்கவாதம் வரை கொண்டுபோகக்கூடியது. அட்டெனோலால் போன்ற மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால், இதய நோயாளிக்கு நெஞ்சுவலியே வரலாம்.