உத்தேச வயது

வைத்தியசாலையில் நோயாளரின் பெயருக்கு அடுத்தபடியாக எழுதப்படுவது வயது. கேட்பதற்கு எளிய வினாவே. ஆயினும் மாத்தளைத் தோட்டங்களில் வாழும் முதியோர் சிலருக்கு அதன் விடை நீண்டதொரு வரலாற்றுக்குள் அடங்கிக் கிடக்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாத்தளை மலைகளிற் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தமிழகத்துத் தொழிலாளர் மன்னார்ப் பகுதிக் கரைகளில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக நடந்து, தம்புள்ளையூடாக மாத்தளையை அடைந்தனர். வழியிற் பிறந்தோரும் உளர், இறந்தோரும் உளர். அவர்தம் நாளைக் குறித்துவைப்பார் அரியர். இலங்கையில் பிறப்பு இறப்புகளைப் பதிதல் 1867இல் சட்டத்தால் வகுக்கப்பட்டது. நவீன முறையிலான முதலாவது குடிசன மதிப்பீடு 1871இல் நிகழ்ந்தது. எனினும் ஏட்டில் ஏறாத பிறப்புகள் பின்னரும் இருந்தன.

தோட்டத்திலே வயதுக்கு வேறொரு பயன் இருந்தது. ஆண், பெண், சிறுவர் எனக் கூலி வேறுபட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் அம்மூன்று வகையை ஏற்றது. சான்றில்லாதவிடத்து, செக்ரோலிற் பேர் பதியும்போது பிள்ளையின் உடற்கட்டே வயதுக்குச் சான்றாயிற்று.

பிறப்புப் பத்திரத்தின் அருமையை மலையக மக்கள் உணர நேர்ந்தது 1948இலாகும். அவ்வாண்டின் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை அல்லது பாட்டனும் பூட்டனும் இந்நாட்டிற் பிறந்தமைக்கு ஆதாரம் கேட்டது. பத்திரமில்லாத குடும்பங்கள் நாடற்றவையாயின. 1964இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் வந்தது. எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது.

பதிவேட்டிற் பிறப்புக் காணப்படாதவருக்குப் பதிவாளர் நாயகத்தின் திணைக்களம் உத்தேச வயதுச் சான்றிதழ் வழங்குகின்றது. 'உத்தேச' என்னும் அச்சொல் நேர்மையான சொல். இது மதிப்பீடு, அறுதியான உண்மையன்று என அது முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றது.

1972 முதல் வழங்கப்பட்ட அடையாள அட்டையில் அச்சொல்லுக்கு இடமில்லை. அட்டையின் முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் குறித்தன. பெண்களுக்கு அந்நாளுடன் 500 கூட்டப்பட்டது. 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணில் ஆண்டு முழுமையாக எழுதப்படுகின்றது. உத்தேசமாகக் கொண்ட நாளும் அங்கே திட்டமான எண்ணாகிவிடும். அவ்வெண்ணைப் பார்த்து வைத்தியசாலைக் கணினியிற் பதிந்தால், ஊகம் உண்மையின் உருவத்தைப் பெற்றுவிடுகின்றது.

இதனால் வரும் தீங்கு யாது? சிறுநீரகத்தின் ஆற்றலைக் கணிக்க 1976இல் வெளியான ஒரு சூத்திரத்தை வைத்தியர் கையாளுவர். அதில் 140இலிருந்து நோயாளரின் வயதைக் கழித்து வரும் தொகை பெருக்கப்படும். அறுபது வயதினருக்கு அது 80, எழுபது வயதினருக்கு 70. பத்தாண்டுப் பிழை கணிப்பை எட்டில் ஒரு பங்கு மாற்றுகின்றது. சில மருந்துகளின் அளவு இக்கணிப்பையே சார்ந்திருக்கும்.

பரிகாரம் கடினமானதன்று. மருத்துவப் பதிவுகளுக்காக எச்.எல்.7 நிறுவனம் வகுத்த 'ஃபயர்' என்னும் சர்வதேசத் தராதரம், பிறந்த ஆண்டை மட்டும், அல்லது ஆண்டையும் மாதத்தையும் மட்டும் எழுத இடமளிக்கின்றது. அறியாத நாளை இட்டுக்கட்ட வேண்டியதில்லை. வயதைத் தனியே எழுதிவைத்தால் அது அடுத்த ஆண்டே பழையதாகும். ஆதலால், அறிந்த அளவிற் பிறந்த காலத்தைப் பதிந்து, அது உத்தேசமாயின் அதனையும் உடன் குறித்தல் வேண்டும்.

முதியோரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லும் இளைஞர்க்கு ஒரு வார்த்தை. யப்பானியர் கொழும்பிற் குண்டு வீசிய 1942இல் தவழ்ந்தேன், சுதந்திரம் கிடைத்த 1948இல் கொழுந்துக்கூடை சுமக்கும் தாயின் பின்னே நடந்தேன் என்பன போன்ற நினைவுகள் அவர்களிடம் இருக்கக்கூடும். பொறுமையுடன் கேட்டு எழுதிவையுங்கள். அட்டையிலுள்ள நாள் உத்தேசமானதாயின், வைத்தியரிடம் அதனைத் தயங்காது சொல்லுங்கள்.