எரிபொருள் விலையேற்றமும் பிரயாணத் தொழிலும் (பாணேர்)

எரிபொருள் விலையேற்றம் என்பது பெட்ரோல், டீசல், எரிவாயு ஆகியவற்றின் விலை உயர்ந்து, பிரயாணிகளின் செலவையும் அவர்களை நம்பி நடக்கும் தொழில்களின் ஆதாயத்தையும் ஒருங்கே பாதிக்கும் நிலை. புனே நகரின் மேற்கில், பம்பாய்–பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி விடுதிகளும் போஜனசாலைகளும் பெருகியுள்ள பாணேரில் இதன் விளைவைத் தெளிவாகக் காணலாம்.

லோணாவளா, மகாபலேசுவரம் முதலிய மலைவாசஸ்தலங்களுக்கு வாடகைக் கார் ஓட்டுவோர் கிலோமீட்டர்க் கணக்கில் முன்கூட்டியே கட்டணம் பேசிவிடுவதால், இடையில் டீசல் விலை ஏறினால் நஷ்டம் அவர்களையே சாரும். பிரயாணிகளோ தொலைதூர யாத்திரையைக் குறுக்கியும், ஒரே வண்டியில் பலராகச் சேர்ந்தும் சமாளிக்கின்றனர். போஜனசாலைகள் உபயோகிக்கும் 19 கிலோ சிலிண்டருக்கு வீட்டுச் சிலிண்டருக்குரிய சகாயமில்லை. ஆயினும் அடுப்பை அணைத்துவைக்க இயலாதாகையால், பண்டங்களின் விலைப்பட்டியலே முதலில் திருத்தப்படுகிறது.

பெட்ரோல் விலை மீதான அரசாங்கக் கட்டுப்பாடு 2010இலும் டீசலுக்குரியது 2014இலும் நீங்கின. இவ்விரண்டும் விமான எரிபொருளும் சரக்கு சேவை வரிக்குப் புறம்பானவையாதலால், மாநில வரியும் விலையைப் பெரிதும் பாதிக்கிறது. மகாராஷ்டிர அரசு 2022 ஏப்ரலில் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவின் மதிப்புக்கூட்டு வரியை 13.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தது. வாடகை வண்டிக்காரர் பலர் அவ்வாயுவை நாடுவதற்கு, பெட்ரோல், டீசலோடு ஒப்பிடுகையில் உள்ள விலை வித்தியாசமே காரணம்; ஆனால் அதை நிரப்ப வரிசையில் காத்திருக்கும் நேரம் இக்கணக்கில் சேர்வதில்லை.