பதுவை நகரின் தேவாலயங்களும் சுவரோவியங்களும்

பதுவை வட இத்தாலியில், வெனிசு நகருக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பழமையான நகரம். இத்தாலியர் இதைப் பாதோவா என்பர். தமிழ்க் கிறித்தவர்களுக்குப் 'பதுவை அந்தோணியார்' என்ற பெயரால் நன்கு அறிமுகமான ஊர் இது. 1222-இல் தோன்றிய இதன் பல்கலைக்கழகத்தில் கலிலியோ 1592 முதல் 1610 வரை கற்பித்தார். இந்நகரில் 14-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் உள்ள எட்டுக் கட்டடத் தொகுதிகளை யுனெஸ்கோ 2021-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

வெனிசுக்குச் செல்வோர் ஒரு நாள் ஒதுக்கினால் முக்கியமான தேவாலயங்களை நடந்தே பார்த்துவிடலாம். அவற்றுள் அருகருகே அமைந்த இரண்டின் வரலாறு, கலைச்செல்வம் எவ்வாறு தப்புகிறது, எவ்வாறு அழிகிறது என்பதை ஒருசேர விளக்குகிறது.

ஸ்க்ரோவேனி சிற்றாலயம்

என்ரிக்கோ ஸ்க்ரோவேனி என்ற செல்வர், பழைய உரோமானிய அரங்கம் இருந்த நிலத்தை 1300-இல் வாங்கி, அங்கு இச்சிற்றாலயத்தைக் கட்டினார். 1305 மார்ச் 25 அன்று இது அர்ச்சிக்கப்பட்டது. இவருடைய தந்தை வட்டித்தொழிலால் பொருள் சேர்த்தவர். கவிஞர் தாந்தே தம் 'தெய்வீக நாடகம்' காப்பியத்தில், நீலப் பன்றிச் சின்னம் பொறித்த பணப்பையுடன் நரகத்தில் வாடும் ஒரு வட்டிக்காரரைக் காட்டுகிறார். அச்சின்னம் ஸ்க்ரோவேனி குடும்பத்துக்கு உரியது. தந்தையின் பாவத்துக்குப் பரிகாரமாகவே மகன் இதைக் கட்டினார் என்பது நெடுங்காலக் கருத்து.

உட்சுவர்களில் மரியாவின் வாழ்வையும் இயேசுவின் வாழ்வையும் வரைந்தவர் ஜொத்தோ. அதற்கு முந்தைய ஓவியங்களில் விறைப்பாக நின்ற மாந்தர்கள், இங்கு எடையுள்ள உடலோடும் மனித உணர்ச்சிகளோடும் தோன்றுகின்றனர். இறந்த மகனின் முகத்தருகே குனியும் தாயின் முகம் இதற்குச் சிறந்த சான்று. நுழைவாயில் சுவரில் இறுதித் தீர்ப்புக் காட்சி உள்ளது. அதன் ஒரு பகுதியில் என்ரிக்கோ முழந்தாளிட்டுச் சிற்றாலயத்தின் மாதிரியை மரியாவுக்குக் காணிக்கையாக்குகிறார். நரகப் பகுதியிலோ, வட்டிக்காரர்கள் தங்கள் பணப்பைகளின் கயிற்றிலேயே தொங்குகின்றனர்.

இவை ஃபிரெஸ்கோ முறையில் வரையப்பட்டவை. ஈரமான சுண்ணச் சாந்தின்மீது வண்ணம் தீட்டினால், சாந்து காயும்போது வண்ணம் அதனோடு இறுகிவிடும். ஒரு நாளில் வரைந்து முடிக்கக்கூடிய அளவுக்கே சாந்து பூசுவார்கள். இவ்வாறு ஓவியம் சுவரின் பகுதியாகிவிடுவதால் நூற்றாண்டுகள் நிலைக்கிறது. ஆனால் சுவர் விழுந்தால் ஓவியமும் விழும்.

எரெமித்தானி தேவாலயம்

சிற்றாலயத்திலிருந்து சற்றேறக்குறைய 100 மீட்டர் தொலைவில் அகஸ்தீனியத் துறவிகளின் எரெமித்தானி தேவாலயம் உள்ளது. அதிலுள்ள ஒவெத்தாரி சிற்றாலயத்தில் ஓவியம் தீட்டும் பணியை 1448-இல் ஏற்றவர்களுள் ஒருவரான மாந்தேனியாவுக்கு அப்போது வயது 17 மட்டுமே. உரோமானியக் கட்டடங்களையும் போர்வீரர்களையும் துல்லியமான தொலைநோக்கு முறையில் வரைந்து அவர் புகழ்பெற்றார்.

1944 மார்ச் 11 அன்று, இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானங்கள் வீசிய குண்டுகள் இத்தேவாலயத்தின்மீது விழுந்தன. ஒவெத்தாரி சிற்றாலயம் நொறுங்கியது. முன்பே ஈரக்கசிவுக்கு அஞ்சிச் சுவரிலிருந்து பெயர்த்து வேறிடத்தில் வைத்திருந்த சில காட்சிகள் மட்டும் தப்பின. ஜொத்தோவின் சுவர்கள் அன்று குண்டுக்குத் தப்பியது தற்செயலே.

இடிபாடுகளிலிருந்து 80,000-க்கும் மேற்பட்ட ஓவியத் துணுக்குகள் சேகரிக்கப்பட்டன. பல துணுக்குகள் சில சதுர சென்டிமீட்டர் அளவே இருந்தன. போருக்கு முன் எடுத்த கறுப்பு வெள்ளை ஒளிப்படங்களோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு அதன் இடத்தைக் கண்டறியும் கணினி முறையைப் பதுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கினர். 2006-இல் அவ்வாறு இணைத்த காட்சிகள் மீண்டும் சுவரில் ஏறின. சாம்பல் நிறப் படத்தின்மீது ஆங்காங்கே வண்ணத் துணுக்குகள் தெரிகின்றன. இல்லாததை எவரும் புதிதாக வரைந்து நிரப்பவில்லை.

புனித அந்தோணியார் பேராலயம்

நகரின் தெற்கே உள்ள இப்பேராலயத்தின் கட்டுமானம் 1232-இல் தொடங்கியது. லிஸ்பனில் பிறந்த அந்தோணியார் 1231 ஜூன் 13 அன்று மறைந்தார். மறு ஆண்டே புனிதராக அறிவிக்கப்பட்டார். அவரது கல்லறையும் நாவும் இங்கு உள்ளன. பலிபீடத்தில் தொனாதெல்லோ செய்த வெண்கலப் புடைப்புச் சிற்பங்கள் புனிதரின் அற்புதங்களைச் சொல்கின்றன. நற்கருணை முன் கழுதை மண்டியிட்ட நிகழ்ச்சி அவற்றுள் ஒன்று. வெளியே முற்றத்தில் அதே சிற்பி வடித்த, குதிரைமீதமர்ந்த படைத்தலைவர் கத்தாமெலாத்தாவின் வெண்கலச் சிலை நிறுவப்பட்டது.

காண விரும்புவோருக்கு

ஸ்க்ரோவேனி சிற்றாலயத்துக்கு முன்பதிவு அவசியம். ஒரு முறைக்கு ஏறத்தாழ 25 பேருக்கே அனுமதி. முதலில் காற்றின் ஈரமும் தூசியும் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். பின்னர் உள்ளே சுமார் 15 நிமிடம் மட்டும் இருக்கலாம். மனித மூச்சின் ஈரமும் உடையில் ஒட்டிவரும் தூசியும் சுவரோவியத்தைக் கெடுக்கும் என்பதே காரணம். எரெமித்தானியை உடனே அடுத்துப் பார்ப்பது நல்லது. முழுமையாக நிற்கும் சுவரைக் கண்ட கண்ணோடு துணுக்குகளைப் பார்த்தால், அந்தப் 15 நிமிடக் கட்டுப்பாட்டின் தேவை எளிதில் விளங்கும்.