ஏட்டிலிருந்து செவிக்கு: மட்டக்களப்பு வரலாற்று ஆவணங்களும் விழிப்புலனற்ற வாசகரும்

வரலாற்று மூலங்களைப் பேணுதல் வேறு. அவற்றைப் படிக்கத்தக்கனவாக ஆக்குதல் வேறு. ஏடு அழியாது கிடப்பினும் அதனைப் படிப்பார் இல்லையெனின் அதிலுள்ள செய்தி வழக்கிழந்ததாகவே கொள்ளப்படும். மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் வரலாற்று ஆவணங்கள் ஓலையிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து கணினிக்கும் பெயர்ந்துள்ளன. இப்பெயர்ச்சியினால் விழிப்புலனற்ற வாசகர் பெற்ற பயன் யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பிரதேசத்து மக்களின் வரலாற்றுணர்வு பெரிதும் செவிவழி வளர்ந்ததாகும். வைகாசிச் சடங்கின்போது கண்ணகை அம்மன் கோயில்களிற் பாடப்படும் கண்ணகி வழக்குரையும், வடமோடி, தென்மோடிக் கூத்துக்களும், கோயிலுரிமைகளையும் குடிகளின் கடமைகளையும் கூறும் கல்வெட்டுப் பாடல்களும் இதற்குச் சான்றாவன. ஒருவர் ஏட்டைப் படிக்கப் பலர் கேட்டனர். கேட்போர் என்ற நிலையில் கண்ணுடையாரும் இல்லாதாரும் ஒப்பவே நின்றனர். அந்தகக்கவி வீரராகவ முதலியாரும், மாம்பழக் கவிச்சிங்க நாவலரும் (1836–1884) கேள்வியினாலேயே பெரும்புலமை எய்தியமை தமிழ் மரபில் யாவரும் அறிந்ததே. ஆயினும், வேண்டிய ஏட்டை வேண்டியபோது தாமே பயிலும் உரிமை அத்தகையோர்க்கு இருக்கவில்லை. படிப்பவரின் ஓய்வையும் விருப்பத்தையும் அவர்கள் சார்ந்திருக்க வேண்டியிருந்தது.

அச்சு யுகம் இந்நிலையை ஒருபாற் சீர்செய்து, மறுபால் இறுக்கிற்று. எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். ஓலைச் சுவடிகளிற் பொதுவாகப் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்தப்படுவதில்லை. சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. ஏட்டுப் பயிற்சியுடைய சிலர்க்கே உரியதாயிருந்த ஒன்றை எழுத்தறிந்தார் அனைவர்க்கும் உரியதாக்கியது பதிப்பு முயற்சி. 1964இல் வெளிவந்த வீ. சி. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகமும் அவ்வாறே பரந்த வாசகரை அடைந்தது. ஆனால், உரத்துப் படித்தல் அருகி, கண்ணாற் படித்தல் பெருகியபோது, விழிப்புலனற்றோர் முன்னையினும் தனிமைப்பட்டனர். இலங்கையில் 1912இல் இரத்மலானையிலும், 1956இல் கைதடியிலும் தோன்றிய பாடசாலைகள் அவர்க்குக் கல்வி அளித்தமை போற்றற்குரியது. எனினும் பிரதேச வரலாறு போன்ற பெருநூல்களைப் பிரெயில் எழுத்தில் ஆக்குதல் மிகுந்த செலவும் உழைப்பும் வேண்டுவதாகும்.

கணினியின் வருகை இத்தடையை நீக்கும் ஆற்றல் உடையது. 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பெருந்தொகையாகத் திரட்டி இணையத்தில் இலவசமாக வழங்கி வருகின்றது. இதன் பெறுமதி அளவிடற்கரியது. ஆனால், மின்வருடப்பட்ட பக்கம் பெரும்பாலும் ஒரு படமேயன்றி எழுத்தன்று என்பது ஈண்டு நோக்கற்பாலது. விழிப்புலனற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் எழுத்தையே குரலாக்கும். படத்தை அதனாற் படிக்க இயலாது. 2006இல் உருவாகத் தொடங்கிய என்விடிஏ என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு தமிழையும் கேட்கலாம். எனினும் படமாகவுள்ள நூலின்முன் அதுவும் ஊமையாகிவிடும். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்டவற்றின் நிலை இன்னும் விசித்திரமானது. அங்கே திரையில் தோன்றுவது தமிழ். உள்ளே பதிந்திருப்பதோ ஆங்கில எழுத்துக்கள். ஆதலாற் செவிக்குப் பொருளற்ற ஒலியே எட்டும். யுனிகோடு முறையில் அமைந்த எழுத்தே இதற்குத் தீர்வாகும்.

படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள்கள் இன்று தமிழுக்கும் உள. ஆயினும் பழைய அச்சில் அவை தடுமாறுகின்றன. தமிழ்நாட்டில் 1978இல் நிகழ்ந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை, றா, னா முதலியவற்றின் வடிவங்களும், ரகரமும் காற்குறியும் தம்முள் மயங்குதலும் பிழைகளுக்குக் காரணமாகின்றன. கதை நூலில் ஓரெழுத்துப் பிழை பொறுக்கத்தக்கதாகலாம். வரலாற்று நூலில் ஓர் ஊர்ப்பெயரோ ஆண்டோ திரிந்தால் முடிபே திரிந்துவிடும். கண்ணுடையார் மூலப்பக்கத்தை நோக்கித் திருத்திக்கொள்வர். செவியாற் கேட்பவர்க்கோ அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே மனிதர் மெய்ப்புப் பார்த்த எழுத்துவடிவமே நம்பத்தக்கது.

எழுத்தோடு பணி முடிவதில்லை. வாய்மொழி வரலாற்று ஒலிப்பதிவுகளுக்கு எழுத்துவடிவம் இல்லையெனிற் செவிப்புலனற்றோர் விலக்கப்படுவர். சுட்டியை மட்டுமே நம்பிய தளம் கையியக்கம் குன்றியோர்க்குப் பயன்படாது. நிலப்படங்களுக்குச் சொல்விளக்கம் வேண்டும். இவ்வகையில் மட்டக்களப்பார் வழக்கே வழிகாட்டுகின்றது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியின் கீழ்க்கரை எழுவான்கரை, மேற்கரை படுவான்கரை. ஞாயிறு எழுதலும் படுதலும் கொண்டு அமைந்த இப்பெயர்கள், படம் காணாதார்க்கும் நிலத்தை உணர்த்தவல்லன.

அழிவின் விளிம்பிலுள்ள ஆவணங்களை முதலில் மின்வருடுதலே தலையாய கடமை எனச் சிலர் கூறலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதையும், 2004இல் ஆழிப்பேரலை கிழக்குக் கரையைச் சிதைத்ததையும் கண்ட சமூகத்தில் இக்கூற்று வலுவுடையதே. ஆனால் இவ்விரு பணிகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. எழுத்துவடிவம் பெற்ற நூலிலேயே சொற்றேடல் இயலும். அதனால் எல்லா ஆய்வாளரும் பயன்பெறுவர். மேலும் இது இரக்கத்தின்பாற் பட்டதன்று, உரிமையின்பாற் பட்டது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரின் உரிமைகளைப் பேண எழுந்தது. அவர்தம் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. வாசிப்புத் தடையுடையோர்க்காக நூல்களை மாற்றுவடிவில் ஆக்குவதற்குப் பதிப்புரிமையிற் சலுகை வேண்டும் மராக்கேஷ் உடன்படிக்கையும் 2013இல் நிறைவேறியது.

இப்பணியில் பல்கலைக்கழக மாணவர் ஆற்றக்கூடிய பங்கு பெரிது. ஆண்டுக்கு ஒரு நூலை ஒரு வகுப்பு மெய்ப்புப் பார்த்து ஒப்படைப்பினும், பத்தாண்டில் ஒரு சிறு வரலாற்று நூற்றொகுதி செவிக்கு எட்டும். அன்று ஓலையைப் படித்துப் புள்ளியிட்டுச் சொற்பிரித்தவர் செய்ததும் இத்தகைய பணியே. அதன் தொடர்ச்சியை மேற்கொள்ளுதல் இத்தலைமுறையின் கடனாகும்.