பெங்களூர்ச் சிம்ப்யூட்டரும் சில்லு அட்டையும்

பிறந்த மண்ணை விட்டு அயல் மாநிலத்தில் வாழும் நமக்குச் சீட்டுகளோடு ஓயாத உறவு உண்டு. ஓரூரில் பெற்ற உரிமத்தை மற்றோரூர் அலுவலகம் ஏற்குமோ என்னும் ஐயம் நம்மை எளிதில் விடுவதில்லை. தாளில் எழுதிய சீட்டாயின் மொழி அறிந்த எவரும் படித்துச் சொல்லிவிடுவர். சில்லு பதித்த அட்டையைப் படிப்பதோ எந்திரம். அட்டை பேசும் மொழி எந்திரத்திற்குத் தெரிந்திருத்தல் வேண்டும். அம்மொழி யாருக்கு உரியது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

1974-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டினரான ரோலான் மொரேனோ நினைவகச் சில்லு பதித்த அட்டைக்குக் காப்புரிமை பதிவு செய்தார். பின்னர் அட்டைக்குள் ஒரு சிறு கணிப்பொறியே குடியேறிற்று. இரகசிய எண்ணைச் சரிபார்ப்பதும், எந்தக் கோப்பை எவர் திறக்கலாம் என்று தீர்மானிப்பதும் அதனுள் உறையும் இயக்க முறைமையின் கடமை. அம்முறைமையை அட்டை செய்த நிறுவனங்கள் பல தத்தம் இரகசியமாகவே காத்தன. ஒருவரிடம் அட்டை வாங்கினால், அதைப் படிக்கும் கருவிக்கும் அவர் வாயிலிலேயே நிற்க நேர்ந்தது.

இந்நிலையில் பெங்களூரில் நிகழ்ந்த முயற்சியொன்று நினைவிற் கொள்ளத்தக்கது. இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர்களான விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் நிறுவனத்துப் பொறியாளர் சிலரும் கூடி, எளியோர்க்கான கையடக்கக் கணிப்பொறி ஒன்றை வகுத்தனர். 2001 ஏப்ரலில் முன்மாதிரி வெளிவந்தது. சிம்ப்யூட்டர் என்பது அதன் பெயர். லினக்ஸ் என்னும் திறமூல இயக்க முறைமையே அதனை இயக்கிற்று. (திறமூலம் என்ற சொல்லை முதன்முதற் கேட்போர்க்கு வைத்தியர் நினைவு வருதல் இயல்பே. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கும் இதனினும் நல்ல சொல் இன்னும் அகப்படவில்லை. நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்பதே பொருள்.)

அக்கருவியில் என்னை மிகவும் கவர்ந்தது சில்லு அட்டைக்கென அமைந்த துளைதான். கணிப்பொறியை ஏழை ஒவ்வொருவரும் வாங்க இயலாது. ஊருக்கு ஒன்று போதும். ஆனால் தம் கணக்கும் குறிப்பும் அடங்கிய அட்டை ஒவ்வொருவர் மடியிலும் இருக்கும். அட்டையைச் செருகியவுடன் பொதுக் கருவி அவருடைய சொந்தக் கருவியாகிவிடும். எத்துணை அழகிய எண்ணம்! 2004-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் துணையோடு 'அமிடா' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. எனினும் நினைத்த விலைக்குக் கொடுக்க இயலவில்லை; அதற்குள் செல்பேசி மலிந்துவிட்டது.

கருவி திறந்ததாயிற்று, அட்டைக்குள் உள்ள முறைமை யாது ஆயிற்று? அதற்கு விடை கான்பூரில் கிடைத்தது. ஓட்டுநர் உரிமத்தையும் வாகனப் பதிவையும் சில்லு அட்டையில் வழங்க மத்திய அரசாங்கம் எண்ணியபோது, மாநிலத்துக்கொரு நிறுவனம், நிறுவனத்துக்கொரு முறைமை என்றாகிவிடின், ஓரிடத்து அட்டை வேறிடத்தில் வெறும் பிளாஸ்டிக் துண்டாகும் என்னும் அச்சம் எழுந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ரஜத் மூனா குழுவினர், தேசியத் தகவலியல் மையத்தோடு இணைந்து 'ஸ்கோஸ்டா' என்னும் தரத்தை உருவாக்கினர். நாட்டிலும் வெளிநாட்டிலும் உள்ள எந்த நிறுவனமும் அதன்படி அட்டை செய்யலாம்; தேசியத் தகவலியல் மையம் சோதித்துச் சான்று வழங்கும். இதனை முழுத் திறமூலம் எனல் மிகை. விதிகளே பொதுவாயின, ஒவ்வோர் அட்டையினுள்ளும் உள்ள நிரல் செய்தவர்க்கே உரியது. ஆயினும் வாங்குவோரைக் கட்டிய கயிறு அறுந்தது என்பதில் ஐயமில்லை.

2008-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய ஸ்வாஸ்திய பீமா திட்டமும் இத்தரத்து அட்டையையே ஏற்றது. வறுமைக் கோட்டிற்குக் கீழ்ப்பட்ட குடும்பத்திற்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை மருத்துவக் காப்பு. வேலை தேடி வேற்று மாநிலம் போகும் தொழிலாளி, அத்தொகையைப் பிரித்து ஓர் அட்டையைத் தம்மோடு கொண்டு செல்லலாம். மற்றோர் அட்டை ஊரில் மனைவி மக்களிடம் இருக்கும். 2018-இல் அத்திட்டம் ஆயுஷ்மான் பாரத்தினுள் அடங்கும் வரை இவ்வசதி இருந்து வந்தது.