கூதிர்காலமும் கொழும்புத் தமிழர் அடுக்களையும்

பண்டைத் தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் எனப் பெயர் பெற்றன. மேலைநாடுகளில் ஏறக்குறைய இதே காலம் இலையுதிர்காலமாகும். அங்கே அது விளைந்த தானியத்தையும் கனிகளையும் களஞ்சியத்திற் சேர்க்கும் காலம். ஈழத்து வடபுலத்திலோ நிலைமை முற்றிலும் வேறு. காலபோக நெல் அப்பொழுது வயலில் இளம்பயிராக நிற்கும். அறுவடைக்குத் தையும் மாசியும் வரவேண்டும். சென்ற ஆண்டின் நெல்லோ குறைந்துகொண்டே போகும். மழை இடைவிடாது பொழியும், கடலும் கொந்தளிக்கும். ஆகவே கூதிர்காலம் என்பது சேர்க்கும் காலமன்று. முன்னரே சேர்த்து வைத்ததை எடுத்து உண்ணும் காலமாகும்.

இந்த உண்மையை உணர்ந்தே யாழ்ப்பாணத்து இல்லங்கள் தங்கள் சமையலை வகுத்துக்கொண்டன. ஆவணியிலும் புரட்டாதியிலும் பனம்பழம் விழும். பழத்தைச் சுட்டுப் பிழிந்த களியை மாவுடனும் சீனியுடனும் கலந்து, எண்ணெயிற் பொரித்தெடுப்பது பனங்காய்ப் பணியாரம். எஞ்சிய களியைப் பாயிலே பரப்பி, நாள்தோறும் படை படையாக ஊற்றி வெயிலில் உலர்த்தினால் அது பனாட்டு ஆகும். விதைகளும் வீணாவதில்லை. மழை தொடங்கும் வேளையில் அவற்றைப் பாத்தியில் அடுக்கினால், மார்கழியிலும் தையிலும் கிழங்கு கிண்டலாம். கிழங்கைப் பச்சையாகக் கிழித்து உலர்த்தியது ஒடியல். அவித்து உலர்த்தியது புழுக்கொடியல். தையில் உலர்த்திய ஒடியல் அடுத்த கூதிர்காலத்திற் கூழாக மாறும். ஒரு மழைக்காலத்தின் உழைப்பு மறு மழைக்காலத்தின் உணவாக அமைந்தது என்பதே இதன் பொருள்.

இத்தகைய வாழ்க்கையிற் பழகியவர்கள் கொழும்புக்கு வந்தபோது, அவர்கள் கண்ட நகரம் வேறுவகையானது. கொழும்பிலே தென்னை உண்டு, பலா உண்டு, ஈரப்பலா உண்டு, பனை அரிது. ஐப்பசி மழை மட்டும் அங்கும் தவறுவதில்லை. ஒக்டோபர் மாதத்தில் மாத்திரம் சராசரி 350 மில்லிமீற்றர் அளவு மழை அந்நகரிற் பெய்கின்றது. ஆயினும் அம்மழைக்கும் வீட்டுக்குரியவர்களின் உணவுக்கும் நேரான தொடர்பு எதுவும் இல்லை. புறக்கோட்டைக் கடைகளிலே பர்மா அரிசியும் இந்தியப் பருப்பும் பன்னிரண்டு மாதமும் கிடைத்தன. உத்தியோகத்துக்கு மாதச் சம்பளம் வந்தது. உலர்த்திச் சேமிக்க முற்றமும் இல்லை. சேமிக்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

1905ஆம் ஆண்டிற் கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே இருப்புப்பாதை முழுமை பெற்றது. அதன் பயனாக வடபுலத்து இளைஞர் பலர் எழுதுவினைஞர்களாகவும் ஆசிரியர்களாகவும் தலைநகரை நாடினர். முதலில் ஆடவர் தனியே வந்து விடுதிகளில் உண்டு வாழ்ந்தனர். பின்னர் குடும்பங்களும் வந்தன. கடற்கரையை ஒட்டிய வெள்ளவத்தை படிப்படியாக அவர்களின் பெருங் குடியிருப்பாயிற்று. கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942ஆம் ஆண்டில் நிறுவப்பட்டதும், பின்னர் வெள்ளவத்தையில் நிலைகொண்டதும் இவ்வளர்ச்சியின் அடையாளங்களாகும்.

பெண்களும் முதியவர்களும் வந்து சேர்ந்த பின்னரே கூதிர்காலமும் கொழும்புக்கு வந்தது எனலாம். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்புவோர் வெறுங்கையுடன் வருவதில்லை. கடகத்திலே ஒடியலும் புழுக்கொடியலும், ஓலைக் குட்டான்களிலே பனங்கட்டியும், பையிலே மோர்மிளகாயும் வேப்பம்பூ வடகமும் புகையிரதத்தில் ஏறின. 1956ஆம் ஆண்டு ஏப்ரலில் யாழ் தேவி கடுகதிப் புகையிரதம் ஓடத் தொடங்கியதும் இப்போக்குவரத்து மேலும் எளிதாயிற்று. காலையில் யாழ்ப்பாணத்திற் கட்டிய பெட்டி அன்றே கொழும்பில் அவிழ்க்கப்பட்டது.

அவ்வாறு வந்த பொருள் கொழும்பு மண்ணின் பொருளோடு கலந்தது. ஒடியற் கூழ் இதற்குத் தக்க சான்றாகும். ஒடியல் மாவைத் தண்ணீரில் நெடுநேரம் ஊறவைத்து, அத்தண்ணீரை வடித்துவிட்டாலன்றி அதன் கயர்ப்பு நீங்காது. மீனும் நண்டும் இறாலும், பயற்றங்காயும் மரவள்ளிக் கிழங்கும் பலாக்கொட்டையும் வெந்து வரும்போது, அரைத்த செத்தல் மிளகாயும் புளியும் சேர்த்து, இறுதியில் மாவைக் கரைத்து ஊற்றித் துழாவவேண்டும். இவற்றுள் மா மட்டுமே வடக்கிலிருந்து வந்தது. பலாக்கொட்டை மேல்மாகாணத்து மரங்களின் கொடை. அதனை மணலிற் புதைத்துப் பல மாதம் பேணும் முறையைச் சிங்கள இல்லங்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்தன. அயல்வீட்டு வேலியைத் தாண்டி வந்த அறிவும் அந்தக் கூழிலே கரைந்திருந்தது.

கொட்டாஞ்சேனையின் கதை இதனின்றும் சற்று வேறுபட்டது. துறைமுகத்தை அண்டிய அப்பகுதியிலும், அடுத்துள்ள கொச்சிக்கடையிலும் செட்டியார் தெருவிலும் தமிழர் குடியிருப்பு இருப்புப்பாதைக்கு மிக முற்பட்டது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம் 1857ஆம் ஆண்டிற் பொன்னம்பல முதலியாரால் அமைக்கப்பட்டது. பின்னர் 1907 முதல் 1912 வரையான காலத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதனைக் கருங்கற் கோயிலாகக் கட்டுவித்தார். இவ்வட்டாரத்தில் தமிழகத்திலிருந்து வந்த வணிகரும், கொழும்புச் செட்டிகளும், பரதரும் அருகருகே வாழ்ந்தனர். ஆதலின் ஒரே தெருவில் ஒரு வீட்டில் நவராத்திரிக் கொலுவும், மறு வீட்டில் நத்தார்ப் பண்டிகைக்கான ஆயத்தமும் காணப்படும். கார்த்திகை மழையிலே கிறிஸ்தவ இல்லங்களில் முந்திரிப்பருப்பையும் உலர்ந்த பழங்களையும் பூசணிக்காய்த் தோசியையும் பொடியாக அரிந்து ஊறவைக்கும் வேலை தொடங்கிவிடும். ரவை சேர்த்துச் செய்யும் அந்தக் கேக்கிற்கு வீட்டார் அனைவரின் கையும் வேண்டும். சமையலறைக்குக் குசினி என்றும், வெதுப்பிய ரொட்டிக்குப் பாண் என்றும் ஈழத்தமிழர் வழங்கும் சொற்கள் போர்த்துக்கேய மொழி விட்டுச் சென்றவை. கரையோர அடுக்களைகளின் கலப்பு அவ்வளவு பழமையானது.

கூதிர்காலத்தின் கைவினைகள் விழாக்களோடு பிணைந்திருந்தன. புரட்டாதியில் நவராத்திரிக் கும்பத்தின் அருகே நவதானியம் முளைக்கவைப்பதும், தாள்களிற் பூச்செய்வதும் சிறுமியரின் பணி. கேதாரகௌரி விரதம் நோற்கும் பெண்கள் 21 நாள் விரதத்துக்கு 21 இழை நூலைத் திரித்து, முடிச்சிட்டு, மஞ்சள் தடவிக் காப்பு அமைத்தனர். தீபாவளி நெருங்கியதும் தையல் இயந்திரம் இரவிலும் ஓயாது. சிங்கர் நிறுவனம் 1877ஆம் ஆண்டிலேயே இலங்கையில் வணிகத்தைத் தொடங்கியிருந்தமையால், நடுத்தரக் குடும்பங்களுக்குத் தையல் இயந்திரம் நன்கு அறிமுகமான பொருள். ஒரே துணியிலிருந்து பிள்ளைகள் அனைவருக்கும் சட்டை வெட்டுவது சிக்கனத்துக்குச் சிக்கனம். கூட்டத்தில் பிள்ளைகளை அடையாளம் காண்பதற்கும் அது உதவிற்று. அடுப்படியில் அரியதரமும் பயற்றம் பணியாரமும் முறுக்கும் தயாராகும். அரியதர மாவின் பாகுப் பதம் தவறினால் பலகாரம் எண்ணெயிலே கரைந்துவிடும். அந்தப் பதம் எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. அம்மம்மாவின் விரல் நுனியில் இருந்தது.

கார்த்திகை விளக்கீட்டன்று ஊரிலே வாசலில் வாழைக்குற்றி நாட்டி விளக்கேற்றுவர். கிணற்றடியிலும் மாட்டுக் கொட்டிலிலும் சிறு பந்தங்கள் எரியும். வெள்ளவத்தை வாடகை வீட்டிலே கிணறும் இல்லை, கொட்டிலும் இல்லை. வாசற்படியிலும் மதிலின்மேலும் மண் சிட்டிகளை வரிசையாக வைத்து, பழந்துணியைத் திரித்த திரிகளை இட்டு ஏற்றினர். இடம் சுருங்கியது, வழக்கம் ஒழியவில்லை.

கடையில் அனைத்தும் கிடைத்த நகரத்திலே இவ்வளவு பாடுபட்டு இவற்றைப் பேணுவது வெறும் பழமைப்பற்று என்று கருதியோரும் இருந்தனர். அக்கருத்துக்கு வரலாறே விடை கூறிற்று.

1942ஆம் ஆண்டில் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. அதே ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பின்மீது குண்டுகள் விழுந்தன. அரிசி பங்கீட்டுக்குள் வந்தது; கோதுமை மா அதன் இடத்தைப் பிடித்தது. கோதுமை மாவை ஆவியில் அவித்து, கட்டிகளை உடைத்து அரித்தெடுத்தால் பிட்டும் இடியப்பமும் ஆக்கலாம் என்ற பக்குவம் தமிழ் அடுக்களைகளில் நிலைபெற்றது. 1970ஆம் ஆண்டுக்குப் பின்னர் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டபோது, மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட வடபுலத்து உழவர் வளம் பெற்றனர். நகரத்து இல்லங்களோ பாணுக்கு வரிசையில் நின்றன. மரவள்ளியும் குரக்கனும் ஒடியலும் எளியோர் உணவென்று ஒதுக்கியோர் அவற்றின் அருமையை அப்பொழுது உணர்ந்தனர்.

இதனினும் கொடிய சோதனை 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன, உயிர்கள் பறிக்கப்பட்டன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முதலிய இடங்களில் ஆயிரக்கணக்கானோர் அகதிகளாகத் தஞ்சம் புகுந்தனர். பலர் கப்பலேறிக் காங்கேசன்துறையை அடைந்தனர். பலர் நாட்டை விட்டே நீங்கினர். உரலும் ஆட்டுக்கல்லும், நீற்றுப்பெட்டியும் சுளகும், தலைமுறையாக வந்த பித்தளைப் பாத்திரங்களும் சாம்பலோடு போயின. அவ்வாண்டின் ஐப்பசியில் எத்தனையோ குடும்பங்களுக்குத் தீபாவளிக்கு அடுப்பு மூட்ட ஒரு வீடு இருக்கவில்லை. ஆனால் கைப்பழக்கத்தை எரிக்க இயலாது. கனடாவின் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பனிக்கு நடுவே இன்று ஒடியற் கூழ் காய்ச்சும் இல்லங்கள் அதற்குச் சாட்சி.

1990ஆம் ஆண்டில் யாழ் தேவி வடக்கே செல்வது நின்றது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, அதே கூதிர் மழையில், யாழ்ப்பாணத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு துறந்து தென்மராட்சியை நோக்கி நடந்தனர். பின்வந்த ஆண்டுகளில் அவர்களுட் பலர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சிறு அறைகளில் வந்து தங்கினர். ஒடியல் வரும் வழி அடைபட்டிருந்த காலத்தில், ஒடியலின் பக்குவம் அறிந்தவர்கள் நகரத்தை நிறைத்தனர். ஒரு பலகாரத்தை ஒரு வீட்டார் செய்து நான்கு அறைகளுக்குப் பகிர்ந்த காலம் அது. இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்தபின், 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆம் திகதி, யாழ் தேவி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. அவ்வாண்டுத் தீபாவளிக்கு அப்பொழுது ஒன்பது நாட்களே இருந்தன.

அண்மையிலே 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிற் கொழும்பு மாநகரம் சமையல் எரிவாயு இன்றித் தவித்தது. வெள்ளவத்தையின் அடுக்குமாடி வீடுகளில் விறகடுப்புக்கு இடமில்லை. மின்சாரமும் மணிக்கணக்கில் நின்றது. ஒரே நெருப்பில் பலவற்றை வேகவைப்பதும், வேகவைக்காமலே உண்ணத்தக்க உலருணவைக் கைவசம் வைத்திருப்பதும் அப்பொழுது மீண்டும் பேச்சுக்குரிய பொருள்களாயின. புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டோடு கடித்துண்ண நெருப்பு வேண்டியதில்லை.

இன்று காலி வீதிக் கடைகளில் ஒடியல் மாவும் பயற்றம் பணியாரமும் பொதிகளிற் கிடைக்கின்றன. வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு அது பெரிய உதவி. வாங்குவதில் இழுக்கேதும் இல்லை. பனைசார் கைத்தொழிலாளரின் பிழைப்பும் அவ்வாறு வாங்குவோரையே நம்பியுள்ளது. ஆனால் பொதியிலே மா வரும். அதன் கயர்ப்பை நீக்கும் பக்குவம் வருவதில்லை. அந்த அறிவு ஒரு வீட்டின் மூத்தவரோடு மறைந்தால், அடுத்த பஞ்சம் அவ்வீட்டை வெறுங்கையுடன் காணும்.

ஆதலால் ஐப்பசி மழை கொழும்புக் கூரைகளிலே இறங்கும் மாலைப்பொழுதில், பேரப்பிள்ளை ஒன்றை அருகில் அமர்த்தி, மாவை ஊறவைத்து வடிப்பதையும், நூலைத் திரிப்பதையும், பாகின் பதத்தை விரலிடையே நீட்டிப் பார்ப்பதையும் காட்டிக் கொடுக்கும் மூதாட்டி, பொழுதுபோக்காக ஒன்றைச் செய்யவில்லை. ஒரு நூற்றாண்டுக் காலம் ஒரு சமூகத்தைக் காப்பாற்றிய கல்வியை அவர் கைமாற்றுகின்றார்.